இங்கிலாந்து வாடகை வீட்டுக்கு எந்த மின் கட்டணத் திட்டம்?

கேள்வி இது: கோவையிலிருந்து வந்து ரெடிங்கில் ஒரு வாடகை வீட்டில் குடியேறியிருக்கிறீர்கள். இரண்டு படுக்கையறை, கணவன், மனைவி, மூன்று வயதுக் குழந்தை. குடிவந்த வாரமே 'டியர் ஆக்குபையர்' என்று ஒரு மின் நிறுவனத்தின் கடிதம். ஒப்பீட்டுத் தளத்தைத் திறந்தால் ஃபிக்ஸ்ட், வேரியபிள், டிராக்கர் (சந்தை விலையோடு சேர்ந்து மாறுவது), எக்கானமி 7 என்று வரிசையாகத் திட்டங்கள். அலுவலக நண்பர் ஒருவர் இரவில் கரண்ட் பாதி விலை என்கிறார். எதில் சேர்வது, எவ்வளவு அவசரம்?

அவசரம் எதுவும் இல்லை. வீடு எதில் சூடாகிறது, மீட்டர் என்ன வகை, எந்த நேரத்தில் எத்தனை யூனிட் ஓடுகிறது, இந்த மூன்றும் தெரிந்த பிறகு திட்டம் கிட்டத்தட்ட தானாகவே முடிவாகிவிடும். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் மலிவாகத் தெரியும் திட்டத்தைப் பிடிக்கிறார்கள், அப்புறம் வீட்டை அதற்குப் பொருத்தப் பார்க்கிறார்கள்.

அந்தக் கடிதத்திலிருந்து தொடங்கலாம். நீங்கள் எதிலும் கையெழுத்துப் போடவில்லை என்றாலும், சாவி கைக்கு வந்த நாளிலிருந்து அந்த முகவரிக்கு ஏற்கெனவே மின்சாரம் கொடுத்துவந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் நீங்கள்தான். இதை டீம்ட் கான்ட்ராக்ட் என்பார்கள். உங்கள் பெயர் அவர்களுக்குத் தெரியாததால் 'குடியிருப்பவருக்கு' என்று எழுதுகிறார்கள். பொதுவாக அவர்களுடைய ஸ்டாண்டர்ட் வேரியபிள், அதாவது விலை அவ்வப்போது மாறும் கட்டணத்தில் உங்களை வைத்திருப்பார்கள். அதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் விலகலாம், எக்ஸிட் ஃபீ (பாதியில் விலகுவதற்கான கட்டணம்) கிடையாது. அரசின் ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் விதித்த விலை உச்சவரம்பும் அதற்கு உண்டு. ஆகவே ஒன்றிரண்டு மாதம் அதிலேயே இருப்பதால் பெரிய நட்டம் வந்துவிடாது. கடிதத்தைக் கண்டுகொள்ளாமல் விடுவதுதான் தவறு. பெயரையும் குடிவந்த தேதியையும் சொல்லிக் கணக்கைத் தொடங்கிவிடுங்கள்.

கணக்கு தொடங்கும்போது குடிவந்த நாளின் மீட்டர் ரீடிங்கைக் கேட்பார்கள். சாவி வாங்கிய அன்றே மீட்டரைப் படம் எடுத்திருந்தால் நல்லது. எடுக்கவில்லை என்றால் இப்போதே எடுங்கள். ரீடிங் கொடுக்காவிட்டால் அவர்களே ஒரு எண்ணை மதிப்பிட்டுப் போடுவார்கள். அது உண்மையை விடக் குறைவாக இருந்தால், முன்பு இருந்தவர் எரித்த கரண்டுக்கும் சேர்த்து நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். படத்தில் மீட்டரின் சீரியல் எண்ணும் தெரியட்டும். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் கீழே ஒரு அலமாரியில் எல்லா வீட்டு மீட்டர்களும் வரிசையாக இருக்கும். பக்கத்து வீட்டு மீட்டருக்கு உங்களுக்குப் பில் வருவது கேள்விப்படாத விஷயம் அல்ல. வீட்டின் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு உங்களுடையது என்று சொல்லப்படும் மீட்டர் நிற்கிறதா என்று பார்த்தால் ஐந்து நிமிடத்தில் சந்தேகம் தீர்ந்துவிடும்.

வீட்டில் இருப்பது முன்கூட்டியே பணம் ஏற்றி ஓட்டும் ப்ரீபேமெண்ட் மீட்டர் என்றால் ஒரு எச்சரிக்கை. முன்பு இருந்தவர் விட்டுப்போன மீட்டர் சாவியிலோ கார்டிலோ பணம் ஏற்றிவிடாதீர்கள். அவருடைய கடன் அந்தக் கணக்கில் இருந்தால் நீங்கள் ஏற்றும் பணத்திலிருந்து அது கழியும். முதலில் நிறுவனத்துக்குப் போன் செய்து, புதிதாகக் குடிவந்திருக்கிறேன் என்று சொல்லி உங்கள் பெயரில் புதிய சாவியோ கார்டோ வாங்குங்கள்.

சரி, இனி பில். இங்கே மின் கட்டணத்தில் இரண்டே எண்கள்தான் முக்கியம். ஒன்று யூனிட் ரேட், ஒரு யூனிட்டுக்கு (ஒரு கிலோவாட் மணிக்கு) இத்தனை பென்ஸ். மற்றது ஸ்டாண்டிங் சார்ஜ், ஒரு யூனிட் கூட எரிக்காவிட்டாலும் நாளொன்றுக்கு இத்தனை பென்ஸ். ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒரு கணக்கு, முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் படிப்படியாக ஏறும் விலை என்று பழகிய நமக்கு ஒன்றை மனதில் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது: இங்கே அந்தப் படிகள் இல்லை. சாதாரணத் திட்டத்தில் முதல் யூனிட்டும் மூவாயிரமாவது யூனிட்டும் ஒரே விலை. '500 யூனிட்டைத் தாண்டிவிடக் கூடாது' என்ற அந்தப் பழைய பதற்றம் இங்கே தேவையில்லை. வீட்டு மின்சாரத்துக்கு வாட் வரி 5 சதவீதம். விளம்பரத்தில் காட்டும் விலையில் அது பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும், ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

செய்தியில் அடிக்கடி வரும் 'பிரைஸ் கேப்', அதாவது அந்த விலை உச்சவரம்பு பற்றியும் ஒரு தெளிவு தேவை. 2019 ஜனவரியில் ஆஃப்ஜெம் கொண்டுவந்தது இது. இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாறுகிறது. 2025 அக்டோபர் முதல் டிசம்பர் வரை அது 1,755 பவுண்டாக இருந்தது. இதைக் கேட்டு, 'எவ்வளவு எரித்தாலும் வருடத்துக்கு 1,755 பவுண்டுக்கு மேல் வராது' என்று நினைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி இல்லை. வருடத்துக்கு 2,700 யூனிட் மின்சாரமும் 11,500 யூனிட் கேஸும் எரித்து டைரெக்ட் டெபிட்டில் (வங்கிக் கணக்கிலிருந்து நிறுவனமே எடுத்துக்கொள்ளும் முறையில்) கட்டும் ஒரு சராசரி வீட்டுக்கு என்ன வரும் என்ற உதாரணத் தொகை அது. உச்சவரம்பு இருப்பது யூனிட் விலைக்கும் ஸ்டாண்டிங் சார்ஜுக்கும்தான், உங்கள் பில்லுக்கு அல்ல. அந்தக் காலாண்டில் டைரெக்ட் டெபிட்டில் கட்டுபவர்களுக்கு மின்சாரத்தின் தேசிய சராசரி யூனிட்டுக்கு 26.35 பென்ஸ், ஸ்டாண்டிங் சார்ஜ் நாளுக்கு 53.68 பென்ஸ். நீங்கள் படிக்கும்போது எண்கள் மாறியிருக்கும். கணக்குப் போடும் முறை மாறாது.

இந்தச் சராசரியும் எல்லா ஊருக்கும் ஒன்று அல்ல. பிரிட்டன் 14 மின் விநியோகப் பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. யூனிட் விலை பகுதிக்குப் பகுதி கொஞ்சம்தான் மாறும். ஸ்டாண்டிங் சார்ஜில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். லண்டனில் குறைவு, வட வேல்ஸ் மற்றும் மெர்சிசைட் பக்கம் அதிகம். பில்லில் உள்ள 13 இலக்க எம்பான் எண்ணின் (உங்கள் மின் இணைப்பின் அடையாள எண்) முதல் இரண்டு இலக்கங்கள் பெரும்பாலும் பகுதியைச் சொல்லும்: 12 என்றால் லண்டன், உங்கள் ரெடிங் வரும் தென் பகுதிக்கு 20. இதனால்தான் லண்டனில் இருக்கும் மச்சான் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டை வைத்து முடிவெடுக்காதீர்கள் என்கிறேன். உங்கள் போஸ்ட்கோடைப் போட்டு வரும் விலைதான் உங்கள் விலை.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம், வீடு எதில் சூடாகிறது? சமையலறையிலோ அலமாரியிலோ கேஸ் பாய்லர் இருக்கிறதா, சுவர் ரேடியேட்டர்களில் வெந்நீர் ஓடுகிறதா? அப்படியானால் குளிர்காலச் செலவின் பெரும்பகுதி கேஸ் பில்லில் போய்விடும். மின்சாரம் விளக்கு, ஃபிரிட்ஜ், சமையல், துணி துவைப்பதோடு நிற்கும். அதற்குச் சாதாரண ஒற்றை விலைத் திட்டமே போதும். கேஸே இல்லாத ஃபிளாட், ஜன்னலுக்குக் கீழே கனமான ஸ்டோரேஜ் ஹீட்டர்கள், அலமாரியில் இம்மெர்ஷன் ஹீட்டரோடு ஒரு தண்ணீர்த் தொட்டி என்றால் கதையே வேறு. அங்கே தவறான திட்டத்தில் ஒரு குளிர்காலத்தைக் கழித்தால் நூற்றுக்கணக்கில் பவுண்டு போய்விடும். சந்தேகமாக இருந்தால் வீட்டின் ஆற்றல் திறனைக் காட்டும் இபிசி சான்றிதழைப் பாருங்கள். வாடகைக்கு விடும்போது லேண்ட்லார்ட் அதைத் தர வேண்டும். தராவிட்டாலும் அரசின் பதிவேட்டில் போஸ்ட்கோடைக் கொடுத்து இலவசமாகத் தேடலாம். வெப்பம் எதில், வெந்நீர் எதில் என்று அதில் எழுதியிருக்கும்.

மின்சாரத்தில் எது எவ்வளவு இழுக்கிறது என்பதிலும் நம்மவர்களிடம் ஒரு தவறான கணக்கு ஓடுகிறது. மாவு அரைத்தால் பில் ஏறும் என்று பயப்படுகிறார்கள். 150 வாட் வெட் கிரைண்டர் அரை மணி நேரம் ஓடினால் இரண்டு பென்ஸ் ஆகும், அவ்வளவுதான். பாத்ரூம் சுவரில் வெள்ளைப் பெட்டியோடு இருக்கும் எலெக்ட்ரிக் ஷவரைப் பாருங்கள்: 9 கிலோவாட். பத்து நிமிடக் குளியலுக்கு ஒன்றரை யூனிட், சுமார் 40 பென்ஸ். இரண்டு பேர் தினமும் என்றால் வருடத்துக்கு 1,100 யூனிட்டுக்குப் பக்கத்தில், கிட்டத்தட்ட 290 பவுண்டு. எந்த நிறுவனத்துக்கு மாறினாலும் மிச்சமாகாத தொகை குளியலை ஆறு நிமிடமாகக் குறைத்தால் மிச்சமாகும். பாய்லர் வெந்நீரில் ஓடும் ஷவர் என்றால் இந்தக் கணக்கு பொருந்தாது, அந்தச் செலவு கேஸில் வரும்.

யூனிட் கணக்கு தெரியத்தான் ஒன்றிரண்டு மாதம் காத்திருக்கச் சொல்கிறேன். வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில், மீட்டரைப் படம் எடுங்கள். நான்கைந்து வாரத்தில் வாரச் சராசரி தெரிந்துவிடும். கேஸ் பாய்லர் உள்ள வீட்டில் மின்சாரம் பருவத்துக்குப் பருவம் ரொம்ப மாறாது, 52 ஆல் பெருக்கினால் வருட அளவுக்குப் பக்கத்தில் வரும். மின்சாரத்தில் சூடாகும் வீட்டில் கோடை அளவை வைத்து வருடத்தைக் கணக்கிட முடியாது; அங்கே அந்த முகவரியின் முந்தைய வருடப் பயன்பாட்டை நிறுவனத்திடம் கேட்டுப் பார்க்கலாம்.

அந்த வருட யூனிட் எண் கையில் இருந்தால் விளம்பரம் எதுவும் உங்களை ஏமாற்றாது. ஒரு உதாரணம் போடுகிறேன், எண்கள் என்னுடையவை. முதல் திட்டம் யூனிட்டுக்கு 24.5 பென்ஸ், ஸ்டாண்டிங் சார்ஜ் 62 பென்ஸ். இரண்டாவது யூனிட்டுக்கு 26 பென்ஸ், ஸ்டாண்டிங் சார்ஜ் 45 பென்ஸ். முதலாவதை 'யூனிட் மலிவு' என்று பெரிய எழுத்தில் போடுவார்கள். உங்களைப் போன்ற சிறிய குடும்பம் 1,800 யூனிட் எரித்தால், முதலாவதில் 441 பவுண்டும் ஸ்டாண்டிங் சார்ஜ் 226 பவுண்டும் சேர்ந்து 667. இரண்டாவதில் 468 பவுண்டும் 164 பவுண்டும் சேர்ந்து 632. 'விலை அதிகமான' இரண்டாவதுதான் 35 பவுண்டு மலிவு. முதலாவது லாபமாக வேண்டுமானால் வருடத்துக்கு 4,100 யூனிட்டுக்கு மேல் எரிக்க வேண்டும். குறைவாக எரிக்கும் வீட்டுக்கு ஸ்டாண்டிங் சார்ஜும், நிறைய எரிக்கும் வீட்டுக்கு யூனிட் விலையும் முக்கியம். ஒப்பீட்டுத் தளத்தில் நுழையும்போது 'சராசரிப் பயன்பாடு' என்ற பொத்தானை அழுத்தாமல் உங்கள் சொந்த யூனிட்டைப் போடுங்கள். அந்தப் பொத்தானை அழுத்தினால் வேறு யாரோ ஒரு குடும்பத்துக்கான விடைதான் உங்களுக்கு வரும்.

அடுத்தது இரவு மலிவு சமாச்சாரம். உங்கள் நண்பர் சொன்னது பொய் இல்லை, பாதி உண்மை. எக்கானமி 7 என்பது இரவில் ஏழு மணி நேரத்துக்கு மலிவு விலை, மீதி 17 மணி நேரத்துக்குச் சாதாரண விலையை விட அதிகம். அந்த இரண்டாவது பாதியை யாரும் சொல்வதில்லை. பகல் 31 பென்ஸ், இரவு 15 பென்ஸ், ஒற்றை விலை 26 பென்ஸ் என்று வைத்துக்கொண்டால், மொத்தப் பயன்பாட்டில் 31 சதவீதத்துக்கு மேல் அந்த ஏழு மணி நேரத்தில் விழுந்தால்தான் லாபம். மாலையில் சமைத்து, பத்தரைக்குத் தூங்கும் வீட்டில் நடு இரவுக்கு மேல் ஓடுவது ஃபிரிட்ஜும் வைஃபையும்தான். 20 சதவீதம் இரவில் என்றால் சராசரி விலை 27.8 பென்ஸ் ஆகிவிடும். 2,700 யூனிட் எரிக்கும் வீட்டுக்கு இது வருடத்துக்கு ஏறக்குறைய 49 பவுண்டு நட்டம்.

வாஷிங் மெஷினையும் டிரையரையும் இரவில் ஓடவிடலாமே என்பீர்கள். லண்டன் தீயணைப்புப் படை தூங்கும்போது அவற்றை ஓடவிடாதீர்கள் என்றே சொல்கிறது. அடுக்குமாடியில் கீழ்வீட்டுக்காரர் என்ன சொல்வார் என்பது வேறு விஷயம்.

ஸ்டோரேஜ் ஹீட்டர் வீட்டுக்கு மட்டும் இரவு விலை கட்டாயம் வேண்டும். அந்த ஹீட்டர்கள் இரவில் உள்ளே இருக்கும் கற்களைச் சூடாக்கி வைத்துக்கொண்டு பகலில் வெப்பத்தை விடுபவை. அப்படிப்பட்ட வீட்டில் யாரோ ஒருவர் ஒற்றை விலைத் திட்டத்துக்கு மாற்றிவிட்டுப் போயிருந்தால் இரவுக் கரண்டுக்கும் முழு விலை கட்டிக்கொண்டிருப்பீர்கள். பழைய எக்கானமி 7 மீட்டர்கள் பலவற்றில் கடிகாரம் கோடைக்காலத்துக்கு மாறாது. அங்கே குளிர்காலத்தில் நள்ளிரவு 12 முதல் காலை 7 வரை மலிவு என்றால் கோடையில் அது 1 முதல் 8 வரை. சில வீடுகளில் பிபிசியின் நீண்ட அலை வானொலி சிக்னலை வைத்து நேரம் மாற்றும் பழைய மீட்டர்கள் இருந்தன. அந்தச் சேவையை 2025 ஜூன் 30 முதல் பகுதி பகுதியாக நிறுத்தத் தொடங்கினார்கள். உங்கள் வீட்டில் அது இன்னும் இருந்தால் தாமதிக்காமல் மீட்டரை மாற்றச் சொல்லுங்கள்.

எலெக்ட்ரிக் கார் வாங்கினால் இரவு விலை மீண்டும் மேசைக்கு வரும். கார் உள்ளவர்களுக்கான திட்டங்களில் இரவின் சில மணி நேரம் யூனிட் 7 முதல் 9 பென்ஸ் வரை இறங்குவதைப் பார்க்கலாம். வருடத்துக்கு 8,000 மைல், ஒரு யூனிட்டுக்கு மூன்றரை மைல் என்றால் சுமார் 2,290 யூனிட். 26 பென்ஸில் 594 பவுண்டு, 8 பென்ஸில் 183 பவுண்டு. இந்த இடைவெளியின் முன்னால் வேறு எந்தத் திட்டமும் நிற்காது. ஆனால் வீட்டு வாசலில் சார்ஜர் போட லேண்ட்லார்ட் சம்மதிக்க வேண்டும், ரீடிங்கைத் தானாக அனுப்பும் ஸ்மார்ட் மீட்டரும் வேண்டும்.

அரை மணிக்கு ஒரு விலை மாறும் திட்டங்களும் இருக்கின்றன. ஆக்டோபஸ் அஜைல் அதில் தெரிந்த பெயர்: நாளைய விலை இன்று மாலை நான்கு மணி வாக்கில் வரும், மாலை 4 முதல் 7 வரை விலை ஏறும், காற்று பலமாக வீசும் சில இரவுகளில் பூஜ்யத்துக்குக் கீழேயும் போகும். பேட்டரி வைத்திருப்பவர்களுக்கும் விலைப் பட்டியலைப் பார்ப்பதில் சந்தோஷம் காண்பவர்களுக்கும் நல்லது. மூன்று வயதுக் குழந்தைக்கு ஆறு மணிக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டிய வீட்டுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். விலை உச்சத்தில் இருக்கும் நேரம்தான் உங்கள் அடுப்பு எரியும் நேரம்.

ஆகவே கேஸ் பாய்லர் உள்ள சாதாரண வீட்டுக்கு உண்மையான போட்டி ஃபிக்ஸ்டுக்கும் வேரியபிளுக்கும் இடையில்தான். ஃபிக்ஸ்ட் என்றால் பூட்டப்படுவது யூனிட் விலையும் ஸ்டாண்டிங் சார்ஜும், மாதத் தொகை அல்ல. அதிகம் எரித்தால் அதிகம் வரும். அதை லாபம் பார்க்கும் வழியாகப் பார்க்காமல் விலையேற்றத்துக்கு எதிரான பாதுகாப்பாகப் பார்ப்பது நல்லது. 2021 அக்டோபரில் 1,277 பவுண்டாக இருந்த உச்சவரம்பு 2022 ஏப்ரலில் 1,971, அக்டோபரில் 3,549, 2023 ஜனவரியில் 4,279 என்று ஏறியது. அரசே தலையிட்டு சராசரி வீட்டுக்கு 2,500 பவுண்டு என்ற அளவில் விலையை நிறுத்த வேண்டியிருந்தது. 2021 கோடையில் இரண்டு வருடத்துக்கு ஃபிக்ஸ் செய்து, நிறுவனமும் பிழைத்திருந்தவர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். 'நிறுவனமும் பிழைத்திருந்தவர்கள்' என்று சொல்லக் காரணம், அந்த நெருக்கடியில் முப்பதுக்குப் பக்கத்தில் சின்ன நிறுவனங்கள் மூழ்கின. யாருக்கும் கரண்ட் நிற்கவில்லை, கணக்கில் இருந்த பணமும் காப்பாற்றப்பட்டது. ஆஃப்ஜெம் வேறு நிறுவனத்துக்கு மாற்றிவிட்டது. பூட்டிவைத்த அந்த மலிவு விலை மட்டும் போய்விட்டது. எதிர்ப்பக்கமும் உண்டு. 2022இல் பயந்து உயர்ந்த விலையில் நீண்ட காலத்துக்குப் பூட்டிக்கொண்டவர்கள், 2023 ஜூலையில் உச்சவரம்பு 2,074 பவுண்டாக இறங்கியபோது எக்ஸிட் ஃபீயைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தார்கள்.

என் அளவுகோல் எளிமையானது. உங்கள் யூனிட்டை வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு வருட ஃபிக்ஸ்ட் திட்டம் தற்போதைய வேரியபிளை விடக் குறைவாக வந்து, எக்ஸிட் ஃபீ இல்லாமலோ சிறியதாகவோ இருந்தால் எடுத்துவிடுங்கள். உச்சவரம்பு அடுத்த காலாண்டில் ஏறுமா இறங்குமா என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். விலை ஏறினால் தப்பித்தீர்கள், நன்றாக இறங்கினால் சின்னக் கட்டணம் கொடுத்து வெளியே வரலாம். 50 பவுண்டு எக்ஸிட் ஃபீ மின்சாரத்துக்கும் கேஸுக்கும் தனித்தனியாக இருந்தால் அது 100 பவுண்டு என்பதைக் கவனியுங்கள். வேரியபிளை விட அதிக விலைக்கு ஃபிக்ஸ் செய்வதை, ஒவ்வொரு பவுண்டையும் முன்கூட்டியே திட்டமிட வேண்டிய குடும்பத்துக்குத் தவிர நான் சொல்வதில்லை. இரண்டு வருட ஃபிக்ஸ்ட் வாடகைக்காரருக்கு எனக்குப் பிடிக்காது. வீடு மாறும்போது அந்தத் திட்டத்தைக் கூட எடுத்துப்போக முடியுமா, இல்லையென்றால் எக்ஸிட் ஃபீ உண்டா என்று சேரும் முன்பே கேட்டு மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள்.

ஃபிக்ஸ்ட் முடிய ஆறேழு வாரம் இருக்கும்போது நிறுவனம் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். கடைசி 49 நாளில் எக்ஸிட் ஃபீ வாங்கக் கூடாது. அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள், இல்லையென்றால் வேரியபிளுக்குச் சத்தமில்லாமல் மாறிவிடுவீர்கள்.

எப்படிக் கட்டுவது என்பதும் விலையை மாற்றுகிறது. பில் வந்த பிறகு கட்டுவது டைரெக்ட் டெபிட்டை விட விலை அதிகம். மின்சாரமும் கேஸும் சேர்ந்தால் சராசரி வீட்டுக்கு வருடத்தில் 100 பவுண்டுக்கு மேல் வித்தியாசம் வரும். ப்ரீபேமெண்ட் ஒரு காலத்தில் ஏழைகளுக்கான தண்டனை போல விலை அதிகமாக இருந்தது. இப்போது அதன் உச்சவரம்பு டைரெக்ட் டெபிட்டை விடக் கொஞ்சம் குறைவு. ஆனால் தேர்ந்தெடுக்கத் திட்டங்கள் குறைவு. மாத டைரெக்ட் டெபிட்டில் கோடையில் பணம் சேர்ந்து குளிர்காலத்தில் கரையும். அக்டோபர் வாக்கில் கணக்கில் கொஞ்சம் பணம் இருப்பது சகஜம். மே மாதத்திலும் பெரிய தொகை கிடந்தால் அது உங்கள் பணம், திருப்பிக் கேட்கலாம். மாதத் தொகையை அவர்கள் ஏற்றினால் எந்தக் கணக்கில் ஏற்றினீர்கள் என்று கேட்கவும் உரிமை உண்டு.

லேண்ட்லார்ட் சம்மதம் வேண்டுமா என்று பலர் தயங்குகிறார்கள். பில் உங்கள் பெயரில் வந்து, நீங்களே நேராக நிறுவனத்துக்குக் கட்டுகிறீர்கள் என்றால் நிறுவனத்தை மாற்றும் உரிமை உங்களுக்கு உண்டு. ஒப்பந்தத்தில் 'மாற்றினால் தெரிவிக்கவும்' என்று இருந்தால் ஒரு வரி எழுதிப் போடுங்கள். மீட்டரின் வகையை மாற்றுவதற்கு முன் கேட்டுக்கொள்வது நல்லது. வாடகையில் கரண்ட் சேர்ந்திருந்தால் திட்டத்தைத் தேர்வு செய்வது லேண்ட்லார்ட் கையில். கரண்டுக்குத் தனியாக வாங்குகிறார் என்றால், தான் நிறுவனத்துக்குக் கொடுக்கும் யூனிட் விலைக்கு மேல் உங்களிடம் வாங்கக் கூடாது என்பது விதி. அறை வாடகைக்கு இருக்கும் மாணவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

ஸ்மார்ட் மீட்டர் போடலாமா? போடுங்கள், இலவசம். அதன் முக்கியப் பயன் வீட்டில் வைக்கும் சின்னத் திரை அல்ல, மதிப்பீட்டுப் பில் நின்றுபோவதுதான். அரை மணிக்கு ஒரு முறை ரீடிங் அனுப்பலாமா, நாளுக்கு ஒன்றா என்பதை நீங்கள் சொல்லலாம். நேரத்துக்கு நேரம் விலை மாறும் திட்டங்களுக்கு அரை மணி ரீடிங் தேவை.

மாறுவது எளிது. புதிய நிறுவனத்தில் சேர்ந்தால் போதும், பழையதிடம் அவர்களே பேசிக்கொள்வார்கள். கம்பியும் மீட்டரும் அதேதான், ஒரு நொடி கூட கரண்ட் போகாது. பொதுவாக ஐந்து வேலை நாளில் முடியும், மனம் மாறினால் 14 நாள் அவகாசம் உண்டு. மாறும் நாளன்று ரீடிங் படம் எடுத்து இரண்டு பக்கத்துக்கும் ஒரே எண்ணைக் கொடுங்கள். வாசலில் வந்து இன்றைக்கே கையெழுத்துப் போட்டால்தான் இந்த விலை என்பவரிடம் பேசவே வேண்டாம். ஒரே மாதிரி விலையில் இரண்டு நிறுவனங்கள் நின்றால், இலவச ஆலோசனை அமைப்பான சிட்டிசன்ஸ் அட்வைஸ் வெளியிடும் வாடிக்கையாளர் சேவை மதிப்பெண்ணைப் பார்த்து முடிவெடுங்கள். வருடத்துக்கு பத்து பவுண்டு மிச்சத்துக்காகப் போனே எடுக்காத நிறுவனத்தில் மாட்டிக்கொள்வது வேண்டாத வேலை.

ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தை இருப்பதால் முன்னுரிமைச் சேவைப் பதிவேட்டில் (பிரையாரிட்டி சர்வீசஸ் ரெஜிஸ்டர்) சேர நீங்கள் தகுதியானவர்கள். இலவசம். மின்தடை வரப்போகிறது என்றால் முன்கூட்டியே தகவல் தருவார்கள். ஊரிலிருந்து அம்மா அப்பா வந்து தங்கினால் அவர்களுடைய வயதையும் உடல்நிலையையும் அதில் சொல்லலாம்.

பில்லில் தகராறு வந்தால் முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுங்கள். எட்டு வாரத்தில் தீரவில்லை என்றால் இத்தகைய புகார்களைத் தீர்க்கும் எனர்ஜி ஆம்புட்ஸ்மனிடம் போகலாம், அதற்கும் கட்டணம் இல்லை. அவர்கள் தவறால் பில் போடாமல் விட்டு ஒரு வருடத்துக்கு முந்தைய பயன்பாட்டுக்கு இப்போது பணம் கேட்டால், கடைசி 12 மாதத்துக்கு மட்டும்தான் வாங்க முடியும். வீட்டைக் காலி செய்யும் நாளில் மறுபடியும் மீட்டரைப் படம் எடுத்து, புதிய முகவரியோடு அனுப்பிவிடுங்கள். ஆறு வாரத்துக்குள் கடைசி பில் வர வேண்டும், கணக்கில் மீதிப் பணம் இருந்தால் அதையும் திருப்பித் தர வேண்டும். டைரெக்ட் டெபிட்டை அது வந்த பிறகு ரத்து செய்யுங்கள், முன்னால் வேண்டாம்.